முகத்துவாரம் வெட்டும் நாளை யார் குறிப்பது?

மார்கழி மழை நாலைந்து நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் மட்டக்களப்பில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டிவிடுவதா, இன்னும் சில நாள் பொறுப்பதா? கோடை முழுவதும் அலை கொண்டுவந்து குவித்த மணல் வாவியின் வாயை அடைத்துக் கிடக்கும். மழைநீரும் குளங்களின் மேலதிக நீரும் வாவிக்குள் இறங்கி, போக வழியில்லாமல் கரையேறும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களின் கீழ் பெரும்போகம் விதைத்தவருக்கு அந்த மணல் இன்றைக்கே வெட்டுப்பட வேண்டும். பிந்தினால் வேளாண்மை நீருக்குள் கிடந்து அழுகிவிடும். வாவியில் தோணி வைத்திருப்பவரின் கணக்கு வேறு. அவசரப்பட்டு வெட்டினால் வளர்ந்தும் வளராத இறால் நீரோடு கடலுக்குப் போய்விடும். வெட்டாமலே விட்டாலோ கடலிலிருந்து குஞ்சு உள்ளே வராது. மாவட்டச் செயலகத்தில் கூட்டம் நடக்கும், நீர்ப்பாசனப் பொறியியலாளர் பேசுவார், விவசாய அமைப்புகள் பேசும், மீனவர் சங்கங்களும் பேசும். 2011 ஜனவரியில் வந்ததுபோன்ற பெருவெள்ளத்தில் பேச்சுக்கே இடமிருக்காது.

ஈரநிலத்தைக் காத்தால் கிராமத்து வறுமை குறையும் என்று சொல்லும் அறிக்கைகள் பெரும்பாலும் கண்டல் நாற்றிலிருந்து தொடங்கும். அட்டைப்படத்தில் சேற்றில் நிற்கும் பெண்கள், கையில் நாற்று, முகத்தில் சிரிப்பு. இந்தக் கட்டுரை முகத்துவாரத்திலிருந்து தொடங்குகிறது. மட்டக்களப்பு வாவியில் மீனும் கண்டலும் வறுமையும் ஒன்றையொன்று தொடும் இடம் அதுதான். வாவியைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் அறைக்குள் வாவியால் பிழைக்கிறவர்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் பாதுகாப்பு அவர்கள் வீட்டு அடுப்பை எரிக்கும் என்பது என் வாதம்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பாலமீன்மட்டிலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு சேர்கிறது. கிழக்கே வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நாடா எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. மட்டக்களப்பு நகருக்குச் சற்றுத் தெற்கே அந்த நாடாவின் மேல்தான் காத்தான்குடி இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி 40,000 பேருக்கு மேல் வாழும் ஊர். ஒரு சதுர கிலோமீற்றரில் 6,000 பேருக்கு மேல். நாட்டின் சராசரியோ அப்போது 325 அளவில்தான் இருந்தது. ஊருக்கு வடக்கே நாவற்குடா, தெற்கே ஆரையம்பதி, கிழக்கே கடல். மேற்கே, ஊரார் ஆறு என்றே சொல்லும் வாவி. வளர இடமில்லாத ஊர் எந்தப் பக்கம் வளரும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

காத்தான்குடியை நெசவும் வணிகமும் தெரிந்த ஊர் என்றுதான் வெளியூர்க்காரர் அறிவர். பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்சை மரங்களைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் அந்தக் கடைவீதியிலிருந்து சிறிது மேற்கே நடந்தால் வீச்சுவலையும் தோணியுமாகப் பிழைக்கிற குடும்பங்கள் வந்துவிடும். தெற்கே காங்கேயனோடையிலும் வாவிக்கு அப்பால் மண்முனை, கொக்கட்டிச்சோலைப் பக்கங்களிலும் அதே தொழில், அதே கடன். தொகைமதிப்புத் திணைக்களத்தின் வீட்டு வருமானச் செலவின ஆய்வு மட்டக்களப்பு மாவட்ட வறுமையை 2012/13இல் 19.4 வீதம் என்றது. நாட்டின் சராசரி 6.7. 2016இல் மாவட்டம் 11.3, நாடு 4.1. நான்கு ஆண்டில் வறுமை பெருமளவு குறைந்துவிட்டது என்று இதைப் படிக்கலாம். நாட்டோடு ஒப்பிட்டால் மட்டக்களப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது.

வருமானக் கோடு சொல்லாத ஒன்றும் உண்டு. வேறு எல்லாம் கைவிடும்போது மனிதர் இறங்குகிற கடைசி இடம் வாவி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. இயந்திரப் படகைக் கடலில் இறக்குவது அன்றிலிருந்து சூதாட்டம் ஆனது. துடுப்புப் போட்டுப் போகும் வாவித் தோணிக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். கூலி வேலை நின்றவருக்கும் ஒரு வலை இருந்தால் போதும். இப்படி நெருக்கடி ஒவ்வொன்றிலும் ஆட்கள் கூடுகிற நீர் இது. கூடுகிற ஆட்களைத் தாங்க அந்த நீருக்குள் என்ன இருக்கிறது?

இறாலின் வாழ்க்கையைப் பார்த்தால் விடை விளங்கும். தாய் இறால் முட்டையிடுவது கடலில். ஒரு சென்ரிமீற்றர் அளவான குஞ்சு முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வருகிறது. கடற்புல்லிலும் கண்டல் வேர்களின் இடுக்கிலும் ஒதுங்கி, மக்கிய இலையையும் அதில் வளரும் நுண்ணுயிரையும் தின்று, மூன்று நான்கு மாதத்தில் வளர்கிறது. பிறகு முட்டையிட மறுபடி கடலுக்குப் போகிறது. முகத்துவாரம் மூடிக்கிடந்தால் குஞ்சு வராது. கண்டல் இல்லையென்றால் வந்த குஞ்சு பெரிய மீனுக்கு இரையாகும். இரண்டும் சரியாக இருந்து, சட்டம் தடைசெய்த தங்கூசி வலை வாயை மறித்துக் கிடந்தால், பொடி இறாலாகவே சந்தைக்கு வந்துவிடும். முகத்துவாரம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பேச்சு, கண்டல் வன இலாகாவின் பேச்சு, வலை கடற்றொழில் திணைக்களத்தின் பேச்சு, கரை பிரதேச செயலகத்துக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் இடையில். இறாலுக்கு இந்தத் திணைக்கள எல்லைகள் தெரியாது. தோணிக்காரருக்குத் தெரியும், ஒவ்வோர் அலுவலகப் படியிலும் ஏறி இறங்குகிறவர் அவர்தான்.

கண்டல் குறைந்த கதை ஒரே காரணத்தால் ஆனதில்லை. கண்டல் மரங்களான கண்ணாவும் தில்லையும் விறகுக்கும் வேலிக்கும் வெட்டப்பட்டது பழைய கதை. அந்த வெட்டு, மெதுவாக, மரம் திரும்பத் துளிர்க்க இடம் கொடுத்து நடந்தது. போர் வந்தபோது வேறு மாதிரி நடந்தது. வாவிக்கரையின் அடர்ந்த பற்றைகள் மறைவிடமாகும் என்று பாதுகாப்புக் காரணம் காட்டிப் பாலங்கள், வீதிகள், முகாம்களை ஒட்டிய கரைகள் மொட்டையடிக்கப்பட்டன. அதற்கும் முன்னால் இறால் பண்ணை வந்திருந்தது. புத்தளத்தை இறால் பண்ணைகளின் தலைநகர் என்று இன்று சொல்கிறார்கள். இலங்கையில் வணிக இறால் வளர்ப்பு 1970களின் இறுதியில் தொடங்கியதோ மட்டக்களப்பு மாவட்டத்தில்தான். போரால் அது இங்கே நின்று மேற்குக் கரைக்குப் போனது. நின்ற விதத்தை வாவிக்கரை மறக்கவில்லை. 1987 ஜனவரி இறுதியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் விசேட அதிரடிப் படை நடத்திய நடவடிக்கையில் மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளர் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். வேலை தருவதாக வந்த பண்ணை அப்படி முடிந்தது. இன்று மறுபடி இறால் பண்ணை, நீர்வேளாண்மை வலயம் என்ற பேச்சு எழும்போது படுவான்கரை ஆட்கள் சற்று மௌனமாக இருந்தால் அதற்குக் கண்டல் மட்டும் காரணமில்லை.

பிறகு 2004 டிசெம்பர் 26. சுனாமிக்குப் பின் கண்டல் திடீரென்று எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. நிதி வந்தது, நிறுவனங்கள் வந்தன, நாற்றுகள் வந்தன. அந்த நாற்றுகளுக்கு என்ன ஆனது என்பதை ருஹுணு பல்கலைக்கழகத்தின் கொடிகாரவும் பெல்ஜிய ஆய்வாளர் உள்ளிட்ட பிறரும் நாடு முழுவதும் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். 23 திட்டத் தளங்கள், 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையிலான நடுகை. அதில் வெற்றி என்று சொல்லத்தக்கது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது தளங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே தளங்கள்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரை.

ஏன் செத்தன? இலங்கையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீற்றரைத் தாண்டாது. வாவிக்குள் அதிலும் குறைவு. ஆகவே கண்டல் இயற்கையாக வளரும் பட்டை மிகக் குறுகியது. அந்தப் பட்டையில் காணி ஏற்கெனவே யாருடையதாகவோ இருக்கும். திட்டக்காரருக்குச் சும்மா கிடைக்கும் இடம் அதற்குக் கீழே, எப்போதும் நீர் நிற்கும் சேறு. அங்கே நட்டால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். நட எளிதான இனமும் ஒன்றுதான்: கம்புபோல் நீண்டு தொங்கும் விதைநாற்றுள்ள கண்டல். பிடுங்கிக் குத்தினால் ஒரு காலையில் ஆயிரம் நட்டுப் படம் எடுத்துவிடலாம். பிறகு மாடு மேயும், பாசி மூடும். பிழைத்தலும் நட்ட பின்னான பராமரிப்பும் நெருங்கிய தொடர்புள்ளவை என்று அந்த ஆய்வு கண்டது. இதைக் காத்தான்குடிக்காரருக்கு யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. பாலைவன மரமான பேரீச்சையை வடகீழ் மழை பெய்யும் ஊரின் வீதி நடுவில் வைத்து, காத்து, குலை தள்ள வைத்தவர்கள் அவர்கள். சொந்தம் என்று ஓர் ஊர் நினைக்கிற மரம் சாவதில்லை. வாவிக்கரைக் கண்ணாவை அப்படி நினைக்க எவர் அவர்களுக்கு உரிமை கொடுத்தார்?

பாக்கு நீரிணைக்கு அப்பால் பிச்சாவரத்தில் இதே பிரச்சினையை வேறு விதமாக அணுகினார்கள். அங்கே அரசே பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாகக் காட்டை முழுக்க வெட்டியது. வெட்டிய நிலம் அமிழ்ந்து தொட்டிபோலாகி, உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் வற்றி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து முதலில் செய்த வேலை நடுகை இல்லை, வாய்க்கால் வெட்டுவது. மீன்முள் வடிவில் வாய்க்கால் பிரித்து, ஏற்றவற்றத்து நீர் வந்து போக வழி செய்த பிறகே நட்டார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பிச்சாவரத்தில் வலையோ படகோ இல்லாமல் நீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருந்தன. பழங்குடி என்ற சான்றிதழ்கூட இல்லாததால் அரசின் எந்த உதவியும் அவர்களுக்கு எட்டவில்லை. அந்தச் சான்றிதழைப் பெற்றுக் கொடுப்பதும் கண்டல் திட்டத்தின் வேலைகளில் ஒன்றானது. அங்கே நாற்றுக்கு முன்னால் நீருக்கு வழியும் மனிதருக்குத் தாளும் வந்தன.

இலங்கை 2015இல் எடுத்த வழி கடன். அவ்வாண்டு மே மாதம், தன் கண்டல் காடு முழுவதையும் பாதுகாக்கும் உலகின் முதல் நாடு என்று இலங்கை அறிவிக்கப்பட்டது. அமெரிக்க அமைப்பான சீகோலஜி நிதி திரட்ட, சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சிறு மீனவர் சம்மேளனமான சுதீச நடைமுறைப்படுத்த, அரசு சட்டப் பாதுகாப்புத் தர ஒப்புக்கொண்டது. ஐந்து ஆண்டு, 34 லட்சம் டொலர். 48 களப்புகளை ஒட்டிய 1,500 சமூகங்களில் 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் சிறு கடனும். பதிலுக்கு அவர்கள் தங்கள் பக்கத்துக் கண்டலைக் காக்க வேண்டும். பாதுகாக்கப்பட இருந்தது 8,815 ஹெக்டேயர். 2016இல் பம்பலவில் கண்டலுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

இதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. காட்டை வேலி போட்டு மனிதரை வெளியே தள்ளும் பழைய முறையைவிட இது பல படி மேல். பெண்களை மையத்தில் வைத்ததும் சரியே. கரையில் விறகு பொறுக்குவதும் நண்டு விற்பதும் கணவன் வெறுங்கையோடு வந்த நாளில் அடுப்பைப் பார்ப்பதும் அவர்கள்தானே. ஆனால் மட்டக்களப்பில் கடன் என்பது நல்ல ஞாபகங்களைக் கிளப்பும் சொல் அன்று. போருக்குப் பின் வடக்கு கிழக்கின் கிராமங்களுக்குள் நுண்கடன் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று என்று போய், வரட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. சுதீசவின் கடன் அந்த வகைப்பட்டதில்லை என்பது உண்மை. ஆனாலும் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது: கண்டலைக் காத்ததற்குக் கூலியாக ஏழைப் பெண்ணுக்குக் கிடைப்பது அவள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்தானா? கண்டலால் பெருகும் இறாலின் மீதோ, கரையின் மீதோ, முகத்துவாரத்தின் மீதோ அவளுக்கு அதனால் எந்த அதிகாரமும் வரவில்லை.

அதிகாரம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீர்கொழும்பு இருக்கிறது. அங்கே களப்பின் வாயருகே, இறால் கடலுக்குத் திரும்பும் தடத்தில், முளை நட்டு வலை கட்டும் கட்டுதெல் மீன்பிடி தலைமுறைகளாக நடக்கிறது. நான்கு சங்கங்கள்; எந்த இரவு எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். அரசின் ஒழுங்குவிதியும் அதை ஏற்றிருக்கிறது. அதே களப்பில் கண்டல் கிளைகளைக் கொத்தாக நீரில் நட்டு, ஒதுங்க வரும் மீனை வளைத்துப் பிடிப்பவர்கள் உண்டு. கிளை தொடர்ந்து வேண்டும் என்பதால் அவர்கள் தாங்களே கரையில் கண்டல் வளர்த்தார்கள். வெட்டுகிறவரே நடுகிறவராகவும் இருந்தார். ஒரு கிளையையும் தொடாதே என்று முழுத் தடை போடும் நவீனப் பாதுகாப்பு இப்படிப்பட்டவரையும் திருடராக்கிவிடும். ஆனால் நீர்கொழும்பு சொர்க்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். சங்க உறுப்புரிமை கத்தோலிக்க ஆண்களுக்கு, அதுவும் வழிவழியாக. சமூகத்தின் கையில் கொடு என்னும்போது, அந்தச் சமூகத்துக்கு வெளியே யார் நிற்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஒடிசாவின் சிலிகா ஏரி இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மணலால் அடைபட்டு உப்புக் குறைந்து செத்துக்கொண்டிருந்த ஏரிக்கு 2000 செப்டெம்பரில் புதிய வாய் வெட்டினார்கள். ஆண்டுக்கு 1,700 தொன் அளவில் இருந்த மீன் இரண்டே ஆண்டில் 11,000 தொன்னைத் தாண்டியது. முகத்துவாரம் ஒன்று வறுமைக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. ஆனால் பெருகிய நீர்வளத்தைக் குறிவைத்து வலைத்தடுப்பு இறால் வளர்ப்பாரும் பெருகினார்கள். பாரம்பரிய மீனவர் அவர்களோடு இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். மீன் பெருகினாலே ஏழைக்குப் போய்ச்சேரும் என்று நம்புவதற்கு அங்கே ஆதாரம் இல்லை.

மட்டக்களப்பு வாவி சிலிகாபோல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ரம்சார் பட்டியலில் இல்லை. இலங்கையின் ஆறு ரம்சார் தளங்களில் கிழக்கின் பெயர் சொல்ல இருப்பது குமண மட்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் வடகிழக்குக் கரையோர சமூக அபிவிருத்தித் திட்டம் சுனாமியை ஒட்டிய ஆண்டுகளில் இங்கே நடந்தது. முகாமைத்துவத் திட்டங்களும் எழுதப்பட்டன. காகிதத்துக்குப் பஞ்சமில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் ஒரு நீர்ப்பரப்பை முகாமைத்துவப் பிரதேசமாக அறிவித்து, அங்கே தொழில் செய்யும் பதிவுபெற்ற மீனவர் குழு அமைக்க இடம் தருகிறது. நல்ல ஏற்பாடு. அந்தக் குழு வலையைப் பற்றிப் பேசலாம், மீன்பிடிக்காத காலத்தைப் பற்றிப் பேசலாம். முகத்துவாரம் அதன் கையில் இல்லை. கரை நிரப்புவது அதன் கையில் இல்லை. வயல் மருந்து வடிந்து வருவதும் அதன் கையில் இல்லை. ஆகவே வாவியின் நோய்களில் சின்னதற்குத்தான் மீனவரிடம் மருந்து கேட்கப்படுகிறது. விவசாயியும் மீனவரும் சேர்ந்து, நீர்மட்டம் இத்தனை அடியைத் தொட்டால் வெட்டுவது என்று மழைக்கு முன்பே எழுதி ஒப்பமிட்டு, அதனால் நட்டப்படுகிறவருக்கு ஈடு என்ன என்பதையும் எழுதினால், மழைக்குள் நடக்கும் வாக்குவாதம் பாதி குறையும். அதற்கு வெளிநாட்டு நிதிகூட வேண்டாம்.

ஒப்பமிட ஒரு மேசைக்கு வர வேண்டியவர்கள் யார் என்பதில்தான் இந்த வாவியின் கடினம் இருக்கிறது. எழுவான்கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். படுவான்கரை பெரும்பாலும் தமிழூர். 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தவர் 100 பேருக்கு மேல். அந்த ஆண்டு இரு பக்கமும் ஊர்கள் இடம்பெயர்ந்தன, படுவான்கரைக் காணிக்குப் போவது காத்தான்குடிக்காரருக்கு நின்றுபோனது, ஆற்றின் நடுவே யாரும் கீறாத ஒரு கோடு விழுந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் ஓடத்துறையின் காத்திருப்பு தீர்ந்தது. போக்குவரத்தும் வியாபாரமும் திரும்பின. மீன் வாங்குபவரும் விற்பவரும் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஊருக்கொரு மீனவர் சங்கம், மதத்துக்கொரு அரசியல்வாதி என்ற ஏற்பாட்டில் வாவி முழுவதற்குமான ஒரு குரல் எழவில்லை. சமூக அடிப்படையிலான பாதுகாப்பு என்று திட்ட ஆவணம் எழுதும்போது சமூகம் என்பதை ஒருமையில் எழுதிவிடுகிறது. இங்கே அது பன்மை.

காத்தான்குடிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. அது வாவிக்கரையின் ஊர் மட்டுமில்லை, வாவிக்கரையின் நகரமும்கூட. இறாலும் நண்டும் விலையாவதிலும் கடைவீதிக் குப்பை சேர்வதிலும் அதன் பங்கு பெரிது. குப்பையையும் மண்ணையும் கொட்டிக் கரையை நிரப்பி வீடு கட்டுவது இந்த நாடா முழுவதும் நடக்கிற ஒன்று. காணி இல்லாத ஏழை அங்கே குடியேறுகிறான். அடுத்த மழையில் அவன் வீட்டுக்குள்தான் முதலில் வெள்ளம் வருகிறது. நிரப்பிய இடம் பெரும்பாலும் கண்ணா நின்ற பட்டை. மட்டக்களப்பு நகரின் குப்பை கொட்டப்பட்ட திருப்பெருந்துறை மேடு 2017இல் தீப்பிடித்து ஊரைப் புகையில் மூழ்கடித்த பிறகே குப்பை எங்கே போகிறது என்ற கேள்வி நகரத்தாரின் கேள்வியானது. ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு அது எப்போதும் கேள்வியாகவே இருந்தது. கரையின் எல்லையை அளந்து கல் நாட்டுவதும், கல்லுக்கு இப்பால் ஏற்கெனவே குடியிருப்பவருக்கு மாற்றுக் காணி காட்டுவதும் ஒரே உத்தரவில் வர வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் பாதுகாப்பின் பெயரில் ஏழையை விரட்டியதாகும்.

கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் ஈரநிலத்துப் பன்புல் அறுத்து, காயவைத்து, சாயமிட்டுப் பாய் இழைத்த பெண்களும் இந்த வாவிப் பொருளாதாரத்தின் உழைப்பாளிகள்தான். பிளாஸ்ரிக் பாய் வந்து அவர்கள் சந்தையை எடுத்துக்கொண்டது. பன் விளைந்த பள்ளங்களை மண் நிரப்பி எடுத்துக்கொண்டார்கள். இறால் உரிப்பவள், நண்டு தூக்கித் தெருவில் விற்பவள், பன் அறுப்பவள் யாரிடமும் தோணி இல்லை. கடற்றொழில் சட்டத்தின் குழு பதிவுபெற்ற மீனவரைக் கொண்டது. ஆகவே முகாமைத்துவப் பிரதேசம் நாளையே அறிவிக்கப்பட்டாலும், அந்தக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் பதிவேட்டில் இந்தப் பெண்களின் பெயரை எழுத இப்போதைக்கு ஒரு பத்தி கிடையாது.